நாலாவது கம்பி

"நாலாவது கம்பி மட்டும் கொடுங்கள்" என்றுதான் கேட்டேன். கடைப் பையனுக்கு இருபது வயதிருக்கலாம். "கடைசியா எப்ப சார் செட் மாத்தினீங்க?" என்றான். டாக்டர் கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டான், எனக்குத்தான் சுருக்கென்றது. மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய கோடையில் மாற்றியது. இப்போது அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மனதுக்குள் எண்ணிவிட்டு, "கொஞ்ச நாளாச்சு" என்று மழுப்பினேன்.

"அப்ப ஆறையும் மாத்திடுங்க சார். ஒண்ணு மட்டும் போட்டா நல்லாருக்காது."

வியாபாரம் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டு ஒற்றைக் கம்பியோடு வீடு திரும்பினேன்.

ஒரு வருடமாகவே கிடாரை எடுப்பது குறைந்துபோயிருந்தது. எடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். நாற்பத்தெட்டு வயதாகிறது, விரல் கட்டிவிட்டது, காதும் முன்போல இல்லை, இனி இதெல்லாம் எதற்கு என்று எனக்கு நானே ஒரு கதை சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கதையில் கம்பி வரவே இல்லை. சுருதி சேர்க்கும்போது நாலாவது கம்பி பட்டென்று அறுந்திராவிட்டால், கிடார் பரண் ஏறியிருக்கும்.

புதுக் கம்பியை மாட்டினேன். கருத்துப்போன ஐந்து கம்பிகளுக்கு நடுவே அது மட்டும் பொன்னிறத்தில் மின்னியது. மீட்டியபோது இழவு வீட்டுத் திண்ணையில் கல்யாண வீட்டுக் குரலில் பேசுகிறவரைப்போல ஒலித்தது. முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மட்டமான கம்பியைத் தலையில் கட்டிவிட்டான் என்று பையனைத் திட்டினேன். சத்தம் அடங்கட்டும் என்று மெதுவாக மீட்டிப் பார்த்தேன். நாலாவது, ஐந்தாவது, மறுபடி நாலாவது என்று பத்து நிமிடம் தட்டிக்கொண்டிருந்த பிறகுதான் உறைத்தது. கோளாறு அதில் இல்லை. மற்ற ஐந்தும் எப்போதோ செத்துப்போயிருந்தன.

கம்பி எப்படிச் சாகிறது என்பது எளிய விஷயம்தான். தடித்த கம்பிகள் ஒற்றைக் கம்பி அல்ல. நடுவே மெல்லிய எஃகு, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பி. விரல் வியர்வையும் எண்ணெயும் அந்தச் சுற்றுகளுக்குள் இறங்கிக் குடியிருக்கும். சென்னையில் கடற்காற்றின் உப்பு வேறு. நாலாவது கம்பி நொடிக்கு ஏறத்தாழ 147 முறை அதிர்கிறது. கூடவே அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மெல்லிய அதிர்வுகளும் மேலே எழுகின்றன. நாதத்துக்குப் பளபளப்பு தருபவை அவைதான். அழுக்கு முதலில் தின்பதும் அவற்றைத்தான். அடிச் சுருதிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதனால் டியூனரின் முள் ஒழுங்காக நடுவில் வந்து நிற்கிறது. எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்கிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஒலி மங்குகிறது. என் காதும் கம்பியோடு சேர்ந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வந்திருக்கிறது.

பழைய கம்பிதான் வேண்டும் என்பவர்களும் உண்டு. 1960களில் டெட்ராய்டின் மோட்டவுன் இசைத்தட்டுகளுக்கு பேஸ் கிடார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்றமாட்டார். அழுக்கில்தான் சுவை இருக்கிறது என்பது அவர் கட்சி. அந்த வாசிப்பைக் கேட்டவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் அது அவர் கேட்டு, பிடித்துப்போய், வைத்துக்கொண்ட மழுக்கம். நான் கேட்கவே இல்லை.

மறுநாள் திரும்பப் போனேன். பையன் 'அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை, நல்ல பையன். "டென்னா, லெவனா, ட்வெல்வா சார்?" என்று மட்டும் கேட்டான். முதல் கம்பியின் பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்கிற கணக்கு. பன்னிரண்டு என்றால் 0.3 மில்லிமீட்டர். பிறகு உலோகம். 80/20 வெண்கலம் என்று உறையில் போட்டிருக்கும். செம்பு 80, துத்தநாகம் 20. நம் ஊர்ப் பாத்திரக்கடையில் கேட்டால் அதைப் பித்தளை என்பார்கள். பாஸ்பர் பிரான்ஸ்தான் செம்பும் தகரமும் கலந்த நிஜ வெண்கலம். அதையே வாங்கினேன்.

பக்கத்தில் நைலான் கம்பிகள் தொங்கின. யாழின் தந்திக்கு நம் பழைய சொல் நரம்பு. மேற்கிலும் கிடாருக்கு விலங்கின் குடலைத்தான் முறுக்கிக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் குடல் நூல் அறுவைச் சிகிச்சைத் தையலுக்குப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கைவினைஞர் நைலானில் கம்பி செய்தார். அதை ஏற்று மேடைக்குக் கொண்டுபோனவர் ஆந்த்ரே செகோவியா. 1893இல் பிறந்தவர், அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். அந்த வயதில் அவர் கம்பியை மாற்றினார். நானோ வயதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறையும் ஒரேயடியாகக் கழற்றவில்லை. பன்னிரண்டு செட்டில் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை 70 கிலோவுக்கு மேல். அந்த இழுப்புக்குப் பழகிய கழுத்தைத் திடீரென விடுவிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்றைத் தளர்த்தி, முளையைப் பிடுங்கி, புதியதன் குண்டு முனையைக் குழிக்குள் இறக்கி, பிருடையில் இரண்டு மூன்று சுற்று. பிறகு அடுத்தது. வெட்டிய நுனி குத்தி விரலில் ரத்தம் வந்தது. அது வராமல் நான் கம்பி மாற்றியதே இல்லை. காலி உறையில் தேதி எழுதிப் பைக்குள் போட்டேன். அடுத்த முறை பையன் கேட்டால் சொல்ல வேண்டுமே.

புதுக் கம்பி லேசில் நிற்காது. சேர்த்து முடிப்பதற்குள் இறங்கும். இழுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். மூன்று நாள் இதே வேலை. "வாசிக்கிற நேரத்தைவிட சுருதி சேர்க்கிற நேரம்தான் அதிகம்" என்றாள் மனைவி. பழைய கம்பிகள் அசையாமல் நின்றதை நான் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். இழுபட வேண்டியதெல்லாம் இழுபட்டு முடிந்த கம்பிகள் அவை.

நாலாம் நாள் 'இளைய நிலா'வின் ஆரம்பத்தை எடுத்தேன். 1996இல் விடுதி அறையில் கேசட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கற்றுக்கொண்டது. நாதம் அறையெல்லாம் தெறித்தது. விரலில் ஒரு குறையும் இல்லை என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே, ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டிய இடத்தில் முதல் கம்பி 'டொக்'கென்று செத்தது. மழுங்கிய கம்பியில் இதுவும் தெரியாமல் இருந்திருக்கிறது. திரும்ப வாசித்தேன். திரும்பவும் அங்கேயே, விடுதியில் தடுக்கிய அதே இடம்.

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "ஏன், அந்த இடத்துல மட்டும் என்னமோ ஆகுதே?"