பிழைக்குப் பரிசு

பழைய தமிழ் நூல்களைப் புரட்டியவர்கள் அவற்றின் கடைசி ஏட்டில் ஒரு சிறு பட்டியலைக் கண்டிருப்பார்கள். ‘பிழையும் திருத்தமும்’ என்பது அதன் தலைப்பு. இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இப்படி அச்சாகியிருப்பதை இப்படித் திருத்தி வாசிக்க வேண்டுகிறோம் என்று பதிப்பாசிரியர் அடக்கத்தோடு கேட்டுக்கொள்வார். பணம் கொடுத்து வாங்கிய நூலில் இத்தனை தவறுகளா என்று இளமையில் சலித்துக்கொண்டதுண்டு. வயது ஏற ஏற எண்ணம் மாறியது. பிழையே இல்லாத நூல் உலகில் அரிது. ஆகவே பட்டியல் இல்லாத நூலைக் கண்டால், பிழையைத் தேடியவர் எவருமில்லையோ, தேடிக் கண்டவர் வாய் திறக்கவில்லையோ என்ற ஐயமே இப்போது எழுகிறது.

தன் கைப்பிழையைத் தானே ஊரறியச் சொல்வது ஒரு மனிதனுக்கு இழிவா, பெருமையா? இக்கேள்வி நூலாசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று கணிப்பொறிக்கு ஆணை எழுதும் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் ஆணைத் தொடருக்கு நிரல் என்று பெயர். அந்த நிரலை நம்பி வங்கி நடக்கிறது, ரயில் ஓடுகிறது, மருத்துவமனையில் நோயாளிக்கு மருந்தின் அளவு குறிக்கப்படுகிறது. எழுதியவரின் முகத்தை நாம் பார்த்ததில்லை. அவர் எழுதியதை நம்மால் படிக்கவும் முடியாது. கண்ணால் காணாத பொருளை நம்பி ஒப்படைப்பதைத்தானே அமானிதம் என்கிறோம்? அப்படிப்பட்ட தொழிலில் பிழை நேர்ந்தால் அதை எழுதியவரின் கடமை என்ன? அத்தொழிலில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒரு முதியவரின் வாழ்வை வைத்து இதை ஆராய்வோம்.

அவர் பெயர் டொனால்டு குனூத். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தந்தையார் பள்ளியில் கணக்கு வைப்பு முறையைக் கற்பித்தார். சிறியதோர் அச்சுத் தொழிலும் நடத்தினார். பேரேடும் அச்செழுத்தும் வளர்த்த பிள்ளை என்று அவரைச் சொல்லலாம். கல்லூரிக் காலத்தில் முதன்முதலாக ஒரு கணிப்பொறியைக் கண்டு, அதன்மீது தீராத காதல் கொண்டார். நிரல் எழுதும் கலையைக் குறித்து ஒரு நூல் எழுதித் தருவதாக 1962ஆம் ஆண்டு, தம் இருபத்து நான்காம் வயதில், ஒப்புக்கொண்டார். ஒரே நூலாக முடிந்துவிடும் என்று எண்ணித் தொடங்கியது, கையெழுத்துப் படியில் ஏறத்தாழ 3,000 பக்கமாக வளர்ந்தது. முதல் தொகுதி 1968இலும், இரண்டாவது 1969இலும், மூன்றாவது 1973இலும் வெளிவந்தன. நான்காம் தொகுதியின் முதற் பகுதி 2011இலும், அடுத்த பகுதி 2022இலும் வந்தன. பணி இன்னும் முடிந்தபாடில்லை. அத்துறையின் தலைசிறந்த விருதாகிய டியூரிங் விருதை 1974ஆம் ஆண்டிலேயே பெற்றுவிட்ட ஒருவர், முதுமையிலும் இளமையில் கொடுத்த வாக்கை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார்.

இடையில் ஒரு தடை வந்தது. 1977ஆம் ஆண்டு, இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான அச்சுப்படி அவர் கைக்கு வந்தது. ஈய எழுத்தை விடுத்துப் புதிய ஒளியச்சு முறையில் கோத்திருந்தார்கள். எழுத்துகள் அழகிழந்து கிடந்தன. அச்சுக்காரரின் மகனுக்கு அது பொறுக்கவில்லை. நூல்களை அழகுற அச்சுக் கோப்பதற்குத் தாமே ஒரு நிரலை எழுதுவதென்று முடிவு செய்தார். சில மாதங்களில் முடியும் என்று கருதிய அவ்வேலை பத்தாண்டுகளை விழுங்கியது. ‘டெக்’ என்னும் அந்த நிரலைக் கொண்டுதான் இன்று உலகெங்கும் கணித நூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் பெருமளவில் அச்சுக் கோக்கப்படுகின்றன. அதை விலை பேசாமல் எல்லாருக்கும் இலவசமாகவே அவர் கொடுத்துவிட்டார்.

அவர் வேலை செய்த விதம் நம் தலைமுறையினருக்கு வியப்பளிக்காது. இளைய தலைமுறைக்கு வியப்பளிக்கும். அந்த நிரலைப் பென்சில் கொண்டு தாளில் எழுதி முடித்த பிறகே கணிப்பொறியிடம் சென்றார். இன்றும் அவருடைய கையெழுத்துப் படிகள் பென்சிலால் ஆனவையே. தட்டச்சின் வேகம் தம் சிந்தனையின் வேகத்தை மிஞ்சிவிடுகிறது என்பது அவர் கூறும் காரணம். நிரல் என்பது இயந்திரம் படிப்பதற்கு மட்டும் உரியதன்று, அதை மற்றொரு மனிதரும் கட்டுரையைப் படிப்பது போலப் படித்தறிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஒளிவு மறைவு இல்லாத எழுத்தில்தான் பிழை எளிதாக அகப்படும் என்பதை எண்ணிப் பார்த்தால் இக்கொள்கையின் நேர்மை விளங்கும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். 1978ஆம் ஆண்டு அந்த நிரலை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த நாளிலிருந்து, அதில் கண்ட ஒவ்வொரு தவறையும் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஓர் ஏட்டில் குறித்துவந்தார். பத்தாண்டுகளில் 850க்கும் மேற்பட்ட குறிப்புகள் சேர்ந்தன. 1989ஆம் ஆண்டு, ‘டெக்கின் பிழைகள்’ எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி, அந்தப் பட்டியல் முழுவதையும் அதன் பின்னிணைப்பாக அச்சிட்டார். அவற்றை 15 வகைகளாகப் பிரித்தும் காட்டினார். அறியாமல் தவறியது ஒரு வகை. மறந்து விட்டது ஒரு வகை. கை வழுக்கி எழுத்து மாறியது ஒரு வகை. அறிந்திருந்தும் புத்தி தடுமாறியது ஒரு வகை. உலகம் புகழும் ஒரு படைப்பின் ஆசிரியர், தம் தடுமாற்றங்களுக்கு வரிசை எண் இட்டு உலகின் முன் வைத்தார். அதனால் அவருடைய மதிப்பு குன்றியதா? அந்த நிரலின் மீது மக்கள் கொண்ட நம்பிக்கையே அதனால் பெருகிற்று. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத வணிகனின் கணக்கை எவர் நம்புவார்? செலவையும் எழுதியவனின் வரவையன்றோ உலகம் ஏற்றுக்கொள்கிறது!

அதனோடு நிற்கவில்லை. தம் நூல்களில் முதன்முதலாக ஒரு பிழையைக் கண்டு சொல்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் பரிசு என்று அறிவித்தார். பதினாறை அடியாகக் கொண்டு எண்ணும் கணிப்பொறியார் கணக்கில் 256 என்பது நமக்கு நூறு போல ஒரு முழு எண். அதனால் அந்தத் தொகை. டெக் நிரலுக்கோ பரிசு ஆண்டுதோறும் இரட்டிப்பாகி, இறுதியில் 327 டாலர் 68 சென்ட்டில் நிலைபெற்றது. இத்தொகைக்குக் காசோலை எழுதித் தம் கையொப்பமிட்டு அனுப்புவார். பெற்றவர்களில் பலர் அதை வங்கிக்குக் கொண்டுசெல்லாமல் கண்ணாடிச் சட்டத்துள் வைத்துச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். காசோலையிலுள்ள கணக்கு எண்ணைக் கயவர்கள் தவறாகப் பயன்படுத்தத் தொடங்கியதால், 2008ஆம் ஆண்டு முதல் காசோலைக்குப் பதிலாகக் கற்பனை வங்கி ஒன்றின் பெயரில் சான்றிதழ் வழங்குகிறார். அதற்கும் ஆசைப்படுவோர் குறையவில்லை. பிறர் தவறைச் சுட்டிக்காட்டும்போது நம் முகம் எப்படிக் கறுத்துப்போகிறது என்பதை ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டு எண்ணிப் பார்க்கட்டும். இவரோ அப்படிச் சுட்டிக்காட்டும் கைக்குப் பரிசு கொடுக்கிறார்.

இவர் எல்லாருக்கும் எப்போதும் வாசல் திறந்து வைத்திருப்பவர் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் மின்னஞ்சலைப் பயன்படுத்திய பிறகு, 1990ஆம் ஆண்டு முதல் நாளோடு அதைக் கைவிட்டவர் அவர். ஆழ்ந்து கற்று எழுதுபவனுக்கு இடையறாத அழைப்புகள் ஆகாது என்று கருதினார். ஆனால் தனிமையை நாடிய அவர், தபாலில் வரும் பிழைக் குறிப்புகளைப் புறக்கணிக்கவில்லை. அவற்றைத் தொகுத்து வைத்திருந்து, காலம் ஒதுக்கி, ஒவ்வொன்றாக ஆராய்கிறார். பாராட்டு வரும் வழியை அடைத்துக்கொண்டு, குறை வரும் வழியை மட்டும் திறந்து வைத்திருப்பது எளிய காரியமா?

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றையும் காண்போம். பிரிட்டனில் தபால் நிலையங்களின் கணக்கைப் பார்ப்பதற்கு ‘ஹொரைசன்’ என்னும் கணிப்பொறி அமைப்பு 1999ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. ஊர்தோறும் சிறு தபால் நிலையங்களை ஒப்பந்த முறையில் நடத்தியவர்கள் எளிய மக்கள். அவர்களில் நம் துணைக்கண்டத்திலிருந்து சென்று குடியேறிய குடும்பத்தினரும் பலர். மாலையில் கணக்கு முடிக்கும்போது, கையிலுள்ள பணத்துக்கும் கணிப்பொறி காட்டும் தொகைக்கும் ஆயிரக்கணக்கான பவுன் வேறுபாடு தோன்றிற்று. கணிப்பொறியில் தவறு இருக்கிறது என்று அவர்கள் முறையிட்டார்கள். மேலிடம் செவிசாய்க்கவில்லை. வேறெவருக்கும் இத்தகைய தொல்லை இல்லையே என்று பலருக்கும் பதில் கிடைத்தது. குறைந்த தொகையைத் தம் சேமிப்பிலிருந்து கட்டியவர்கள் உண்டு. வீட்டை இழந்தவர்கள் உண்டு. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் திருடினார்கள், பொய்க்கணக்கு எழுதினார்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். அவர்களில் கருவுற்றிருந்த ஒரு தாயும் உண்டு. ஊரார் முகத்தில் விழிக்க நாணி உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று 2019ஆம் ஆண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை ஒரே நாளில் நீக்கியது. 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி எஞ்சியோர் மீதிருந்த களங்கத்தைத் துடைக்க வேண்டியதாயிற்று. அந்த நாளைக் காணாமலே கண் மூடியவர்களுக்கு எந்தச் சட்டம் ஈடு செய்யும்?

இரண்டு இடத்திலும் நிரல் இருந்தது. இரண்டு இடத்திலும் பிழை இருந்தது. ஓரிடத்தில் பிழையைச் சொன்னவருக்குப் பரிசு, மற்றோரிடத்தில் விலங்கு. அறிவின் ஏற்றத்தாழ்வால் விளைந்த வேறுபாடா இது? அன்று. பிழை நம்மிடத்திலும் இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ளும் மனம் ஓரிடத்தில் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை.

இங்கே ஒரு தடையை எழுப்பலாம். எழுப்புவது நியாயமும் ஆகும். “பேராசிரியருக்கு என்ன! பல்கலைக்கழகப் பதவியும் உலகப் புகழும் உடையவர் தம் தவறுகளை அச்சிட்டால் அதுவும் ஒரு பெருமையாகிவிடும். மாதச் சம்பளத்தில் குடும்பத்தைக் காக்கும் என் மகன் ‘இது என் தவறு’ என்று சொன்னால், மறுநாள் வேலை இருக்குமா?” என்று ஒரு வாப்பா கேட்டால் என்ன சொல்வது? இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. உண்மை பேசுவதற்கு எல்லாரும் ஒரே விலை கொடுப்பதில்லை. உயர்ந்தவன் கொடுப்பது நாணம். எளியவன் கொடுப்பது சோறு.

ஆகவே இக்கடமையின் பெரும்பகுதி மேலே இருப்பவர் தலைமீதே விழுகிறது என்பது நம் கருத்து. தவறை ஒப்புக்கொண்டவனைத் தண்டித்து, மறைத்தவனை வாழ வைக்கும் முதலாளி, தன் கூடத்தில் மறைப்பையே விதைக்கிறார். குனூத் செய்த அருஞ்செயல் தம் தவறுகளைச் சொன்னது மட்டுமன்று. எவரும் அஞ்சாமல் வந்து சொல்லுவதற்கு இடம் கொடுத்ததும் ஆகும். பெயரறியாத மாணவன் ஒருவனும் அந்தப் பெரியவருக்குக் கடிதம் எழுதி, “தாங்கள் இங்கே தவறிவிட்டீர்கள்” என்று சொல்லலாம். சொன்னால் மரியாதையும் பெறலாம்.

அந்த இடத்தைக் கொடுப்பதற்குப் பல்கலைக்கழகம் வேண்டுவதில்லை. உம்மாவின் பீங்கான் கோப்பையை உடைத்துவிட்டு, துண்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நிற்கும் குழந்தையை நாம் எப்படி நடத்துகிறோம்? அடி விழுந்தால், அடுத்த முறை துண்டுகள் கொல்லைப்புறத்தில் புதைந்து கிடக்கும். ஒருநாள் அவை எவர் காலிலோ குத்தும். “சொன்னாயே, நல்லது, இனி கவனமாக எடு” என்று சொல்லிவிட்டு, துண்டுகளை இருவரும் சேர்ந்து பொறுக்கினால், அந்தக் குழந்தை வளர்ந்து எந்த மேசையில் அமர்ந்தாலும் துண்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு வரும். நாளை வங்கிக் கணக்கும் மருந்தின் அளவும் அந்தக் கையில்தான் இருக்கப்போகின்றன.

அப்படியாயின், மேலே இருப்பவர் திருந்தும் வரை கீழே இருப்பவர் வாளாவிருக்கலாமா? அதுவும் தகாது. ஊருக்கு அச்சிட்டுச் சொல்ல முடியாதவன் தனக்காவது ஓர் ஏடு வைத்துக்கொள்ளலாம். இன்று எங்கே தவறினேன், மறந்தா, அறியாமலா, அசட்டையாலா என்று இரவில் ஒரு வரி எழுத எவருடைய அனுமதியும் தேவையில்லை. தன்னிடம் மறைக்காதவனுக்குப் பிறரிடம் சொல்லும் துணிவும் ஒருநாள் வரும். ஆனால் பிறர் உயிருக்கோ பொருளுக்கோ மானத்துக்கோ தீங்கு நேரும் என்று தெரிந்தால், அந்த ஒருநாளுக்குக் காத்திருக்க முடியாது. சோற்றுக்கு அஞ்சி அப்போது வாய்மூடி இருப்பது கூடாது.

டெக் நிரலின் ஒவ்வொரு திருத்தப் பதிப்புக்கும் குனூத் இடும் எண்ணில் ஒரு நுட்பம் உண்டு. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணை அது ஒவ்வோர் இலக்கமாக நெருங்கிச் செல்கிறது. 2021ஆம் ஆண்டுப் பதிப்பின் எண் 3.141592653. அந்த எண்ணுக்கு முடிவில்லை. எத்தனை முறை திருத்தினாலும் நெருங்கலாமேயன்றி அடைய முடியாது. தம் மரணத்துக்குப் பிறகு அந்த நிரலை எவரும் மாற்றலாகாது, அப்போது எஞ்சியிருக்கும் பிழைகள் அப்படியே இருந்துவிட வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். பிழைகளை ஒழித்துவிட்டேன் என்று சொல்லிச் செல்ல அவர் விரும்பவில்லை. உயிருள்ளவரை தேடினேன் என்று சொல்லவே விரும்புகிறார்.

‘பிழைத்தல்’ என்னும் நம் சொல்லுக்குத் தவறுதல் என்றும் பொருள் உண்டு. உயிர் வாழ்தல் என்றும் பொருள் உண்டு. வாழ்பவன் தவறுவான் என்பதை அச்சொல்லை வழங்கிய நம் முன்னோர் அறிந்தே இருந்தார்கள் போலும். தவறியதைக் குறித்து வைக்கும் ஏடு ஒன்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கட்டும். அதைக் குழந்தைகள் கண்ணில் படும் இடத்திலேயே வைப்போம்.