ஓடந்துறையால் முடிந்தது, நம்மால் முடியாதா?

பட்டப்பகலில் தெருவிளக்கு எரிகிறது. "சர்க்கார் பணம்தானே" என்று கடந்து போகிறோம். அடுத்த வாரம் நம் வீட்டுக் கரன்ட் பில்லைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறோம். மும்பைத் தமிழ் நண்பர்களே, சர்க்கார் பணம் யார் பணம்? தாராவியில் தோல் தைப்பவரும் மாட்டுங்காவில் மெஸ் நடத்துபவரும் செம்பூரிலிருந்து ரயிலேறி ஆபீஸ் போகிறவரும் கட்டிய வரிப்பணம்!

"மாநகராட்சி தன் மின்சாரத்தைத் தானே தயாரிக்கட்டும் என்று நாம் சொல்லி யார் கேட்பார்கள்?" என்கிறீர்களா? கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை என்றோர் ஊராட்சி இருக்கிறது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டிய மின்கட்டணமே அதன் வருமானத்தை விழுங்கியது. 1996 முதல் பத்தாண்டு தலைவராக இருந்த ஆர். சண்முகம் புலம்பவில்லை. துணிந்தார். ஊராட்சியின் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாலை வாங்கவைத்தார். விலை ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய். ஊராட்சி சேமித்து வைத்திருந்தது 40 லட்சம். மீதி வங்கிக் கடன். 2006-ல் காற்றாலை சுழன்றது. ஊரின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றது அந்தச் சின்ன ஊர்!

"அது கிராமம். எங்கள் சந்தில் காற்றாலைக்கு இடமேது? சோலார் வைக்க வெயில்கூட எட்டிப் பார்க்காதே?" நல்ல கேள்வி. ஆனால் அந்தக் காற்றாலை நிற்பது ஓடந்துறையில் இல்லை. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில். மின்சாரம் அங்கே பிறக்கிறது. வரவு ஓடந்துறைக் கணக்கில் ஏறுகிறது. தாராவியின் தகரக் கூரை சோலார் தகடுகளைத் தாங்காமல் போகட்டும். மும்பைக்குக் குடிநீர் தரும் மத்திய வைதரணா அணை தாங்கும். அங்கே 20 மெகாவாட் நீர்மின்சாரமும், நீரில் மிதக்கும் தகடுகளால் 80 மெகாவாட் சூரிய மின்சாரமும் எடுக்க நம் மாநகராட்சியே திட்டம் தீட்டியிருக்கிறது.

பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2025-26-க்கு மாநகராட்சி போட்ட பட்ஜெட் 74,427 கோடி ரூபாய்! 2050-க்குள் கரியமில உமிழ்வை நிகரப் பூஜ்யமாக்குவோம் என்று 2022 மார்ச்சில் வெளியிட்ட பருவநிலைச் செயல்திட்டத்தில் வாக்குக் கொடுத்ததும் அதே மாநகராட்சிதான். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் மின்சாரம் தரும் பெஸ்ட் நிறுவனம் 1947 முதல் மாநகராட்சியின் சொந்த நிறுவனம். அதிகாரம், பணம், திட்டம் மூன்றும் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: விடாமல் கேட்கும் குரல். அந்தக் குரல் நீங்கள்!

கேட்கும் முன் நம் வீட்டைச் சரிசெய்வோம். தொட்டி நிரம்பி வழியும் ஒவ்வொரு குடம் தண்ணீரையும் மேலே ஏற்றியது மின்சாரம். மோட்டாரை நிறுத்த ஆள் வையுங்கள். மாடிப்படியில் எல்.இ.டி. விளக்கு போடுங்கள். செம்பூர், மாட்டுங்கா சொசைட்டிக்காரர்களே, மொட்டை மாடி வெயிலை ஏன் வீணாக்குகிறீர்கள்? 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டத்தில் லிஃப்ட், பம்ப் போன்ற பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போடுங்கள்.

பிறகு வார்டு ஆபீசுக்குப் போங்கள். தாராவிக்கு ஜி வடக்கு, மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு. பத்து ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். எங்கள் வார்டின் மாநகராட்சிப் பள்ளிகள் கட்டும் மின்கட்டணம் எவ்வளவு? எத்தனை கூரைகளில் சோலார் இருக்கிறது? மிச்சக் கூரைகளுக்கு எப்போது? பதில் வந்ததும் அந்தக் காகிதத்தோடு கவுன்சிலர் வாசலில் நில்லுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து வெறுங்கையோடு வந்து, தாராவியின் சதுப்பு நிலத்தை நிரவி வாழ்க்கையை நிமிர்த்தியவர்களின் பிள்ளைகள் நீங்கள். ஒரு மனு எழுதப் பயப்படுவதா? பேனாவை எடுங்கள். இன்றே எழுதுங்கள்!