கூலியா, கொடையா?

திராட்சைத் தோட்டம் ஒன்றின் உரிமையாளர் அதிகாலையில் சந்தைவெளிக்குச் சென்று, நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக்காசு கூலி எனப் பேசி ஆட்களை அமர்த்துகிறார். காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் மறுபடியும் சென்று, வேலையின்றி நின்றவர்களை அழைத்து வருகிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே எஞ்சியிருக்கும்போதும் சிலர் அங்கே நிற்பதைக் கண்டு அவர்களையும் தோட்டத்திற்கு அனுப்புகிறார். மாலையில் கூலி வழங்கப்படுகிறது. கடைசியில் வந்து ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கு ஒரு வெள்ளிக்காசு. நாள் முழுவதும் வெயிலில் வாடியவனுக்கும் அதே ஒரு வெள்ளிக்காசு. முந்தி வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பேசிய கூலியில் தாம் எதையும் குறைக்கவில்லை என்றும், தம் பொருளைத் தாம் மனமுவந்து கொடுப்பதில் பிறர் ஏன் பொறாமை கொள்ள வேண்டும் என்றும் உரிமையாளர் அவர்களைக் கேட்கிறார்.

மத்தேயு எழுதிய நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் இயேசுநாதர் கூறும் உவமை இது. கர்ம நியதியைக் கேட்டு வளர்ந்த நம் மனம், இதைப் படித்ததும் முணுமுணுத்தவர்களின் பக்கமே சாய்கிறது. விதைத்தவன்தானே அறுக்க வேண்டும்? உழைப்பிற்கேற்ற பலன் இல்லையென்றால் அறம் எங்கே நிற்கும்? வாழ்நாள் முழுவதும் தவறு செய்தவன், இறுதியில் ஒருமுறை நம்பினால் போதும் என்றால், நல்லவனாக வாழ்ந்தவன் ஏமாந்தவன் ஆகிவிட மாட்டானா?

கிறிஸ்தவ சமயத்தின் இதயமென்று சொல்லத்தக்க கோட்பாட்டைக் குறித்துப் பிற சமயத்தவர் கேட்கும் முதல் கேள்வி இது. கிறிஸ்தவர்களே தங்களுக்குள் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்த கேள்வியும் இதுதான். ஆகவே இதனைப் பொறுமையுடன் ஆராய்வது நமக்கு நன்மை தரும்.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் 'காரிஸ்' என்னும் சொல், தகுதி பாராமல் மனமுவந்து அளிக்கப்படும் கொடையைக் குறிக்கிறது. பழைய தமிழ் விவிலியம் இதனைக் 'கிருபை' என்கிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'அருள்' என்கிறது. 'பிஸ்டிஸ்' என்பது மற்றொரு சொல். பழைய மொழிபெயர்ப்பில் அது 'விசுவாசம்', புதியதில் 'நம்பிக்கை'. மனிதன் மீட்கப்படுவது அருளினால், அதுவும் நம்பிக்கையின் வழியாக. அவனது செயல்களால் அன்று, எவரும் பெருமை பாராட்டாதிருக்கும் பொருட்டே இவ்வாறு அமைந்தது என்பது எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகம் கூறும் கருத்தின் சாரம்.

இங்கே 'நம்பிக்கை' என்பதை, கடவுள் இருக்கிறார் என்ற அறிவின் ஒப்புதலாக மட்டும் கொள்ளலாகாது. அத்தகைய நம்பிக்கை பேய்களுக்கும் உண்டு என்று யாக்கோபின் திருமுகமே எச்சரிக்கிறது. ஒரு மருத்துவர் கைதேர்ந்தவர் என்று ஒப்புக்கொள்வது வேறு. அறுவை சிகிச்சைக்காக அவர் கையில் நம் உடலை ஒப்படைத்துவிட்டுக் கண்மூடிப் படுப்பது வேறு. இரண்டாவதுதான் விசுவாசம். அவ்வாறு படுத்ததனால் நோயாளி குணமாகும் தகுதியைச் சம்பாதித்துவிட்டான் என்று எவரும் சொல்வதில்லை. குணப்படுத்துவது மருத்துவரின் கை. நோயாளி அதற்கு இடம் கொடுத்தான், அவ்வளவே. விசுவாசத்தையும் ஒரு புண்ணியச் செயலாக எண்ணி அதற்குப் பலன் எதிர்பார்த்தால், வாசல் வழியே வெளியேற்றப்பட்ட கூலிக்கணக்கு சாளரத்தின் வழியே மீண்டும் உள்ளே வந்துவிடும்.

மனிதனுக்கு ஏன் இத்தகைய கொடை வேண்டும்? தன் முயற்சியால் அவன் உயர முடியாதா? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியஸ் என்ற துறவி, முடியும் என்றார். கடவுள் கட்டளையிட்டிருந்தால் அதை நிறைவேற்றும் ஆற்றலும் மனிதனிடம் இருந்தே ஆகவேண்டும் என்பது அவரது வாதம். ஒழுக்கத்தில் அக்கறை கொண்ட எவரையும் கவரக்கூடிய வாதம் அது. வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த புனித அகுஸ்தீன் அதனை மறுத்தார். நோய் நம் செயல்களோடு நிற்கவில்லை, விரும்பும் சக்தியையே பற்றியிருக்கிறது. கோணலான விருப்பம் தன்னைத்தானே நேராக்கிக்கொள்வது எப்படி என்று அவர் கேட்டார். 418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸின் கொள்கையைத் தள்ளினர்.

ஒரு துறவியின் கலக்கம்

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் இதே கேள்வி ஒரு மடத்தின் அறைக்குள் மீண்டும் எழுந்தது. 1505-இல் ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரிலுள்ள அகுஸ்தீனிய மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூதர், நோன்பிலும் கண்விழிப்பிலும் பாவ அறிக்கையிலும் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். எனினும் அவர் மனம் அமைதி பெறவில்லை. எவ்வளவு செய்தாலும் 'இது போதுமா?' என்ற கேள்வி எஞ்சி நின்றது. ஆன்மிக சாதனையைக் கணக்குப் புத்தகமாக மாற்றிக்கொண்ட எவரும் இத்துன்பத்தை அறிவர். ஜெபத்தின் எண்ணிக்கை கூடும்போது ஒரு நாள் பெருமிதம். குறையும்போது மறுநாள் அச்சம். இரு நிலைகளிலும் மனம் தன்னையே சுற்றி வருகிறதேயன்றி, இறைவனைச் சென்று சேர்வதில்லை.

ரோமருக்கு எழுதப்பட்ட திருமுகத்தை ஆழ்ந்து பயின்றபோது லூதருக்கு ஒரு தெளிவு பிறந்தது. கடவுளின் நீதி என்பது பாவியைத் தண்டிக்கும் நீதி என்று அவர் எண்ணியிருந்தார். நம்புபவனுக்குக் கொடையாக அளிக்கப்படும் நீதி அது என்று இப்போது உணர்ந்தார். பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் பணத்திற்கு வழங்கப்படுவதை எதிர்த்து 1517-இல் அவர் எழுதிய 95 கருத்துரைகள், மேற்குத் திருச்சபை பிளவுபடும் நிலைக்கு இட்டுச் சென்றன.

கத்தோலிக்கத் திருச்சபை கூலியைப் போதித்தது, லூதர் கொடையைப் போதித்தார் என்று இதனைச் சுருக்கிவிடுவது சரியாகாது. 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட ஆணையும், அருளின்றித் தன் செயல்களால் மட்டும் எவனும் கடவுளுக்கு ஏற்புடையவன் ஆக முடியாது என்றே கூறியது. ஆயினும் அருளுக்கு மனித விருப்பம் இசைந்து ஒத்துழைக்கிறது என்பதையும், அன்பு சேராத நம்பிக்கை முழுமையாகாது என்பதையும் அது வலியுறுத்தியது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இப்பொருள் குறித்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியினால் அன்றி அருளினாலேயே கடவுள் நம்மை ஏற்கிறார்; அவ்வருளே நற்செயல்களுக்கு நம்மைத் தகுதியாக்கி அழைக்கிறது என்பதில் இரு தரப்பும் உடன்பட்டன. 2006-இல் மெதடிஸ்ட் திருச்சபைகளும் இதில் இணைந்தன.

இவ்விவாதம் நமக்கு முற்றிலும் புதியதன்று. குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கின் நியாயமா, தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனையின் நியாயமா என்று ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்களின் மரபில் எழுந்த விவாதத்தை வாசகர்கள் அறிவர். ஜெர்மானிய லூத்தரன் அறிஞரான ருடால்ஃப் ஓட்டோ, 1930-இல் வெளியிட்ட நூலில் இந்தியாவின் அருள்நெறியைக் கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஆயினும் ஒப்புமையைக் கண்டவுடன் வேறுபாட்டை மறப்பது நேர்மையன்று. கிறிஸ்தவருக்கு அருள் என்பது வரலாற்றில் ஒருமுறை நிகழ்ந்த சிலுவை மரணத்தோடும் உயிர்த்தெழுதலோடும் பிரிக்க முடியாதவாறு பிணைந்தது. கடனைத் தீர்க்க மறுபிறவிகள் உண்டு என்று அவர்கள் கருதுவதில்லை. இந்த ஒரே வாழ்விற்குள் மன்னிப்பு வந்தாக வேண்டும். அருளைப் பற்றிய அவர்களது பேச்சில் காணப்படும் தீவிரத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

நியூட்டனின் நாற்பது ஆண்டுகள்

இனி, தொடக்கத்தில் எழுந்த ஐயத்தை அதன் முழுக் கடுமையோடும் நேருக்கு நேர் பார்ப்போம். அதற்கு ஒரு மனிதரின் வாழ்வே போதும்.

ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேய மாலுமி 1748 மார்ச் மாதத்தில் அட்லாண்டிக் கடலில் பெரும் புயலில் சிக்கினார். கப்பல் மூழ்கும் தறுவாயில், அதுவரை தெய்வத்தை ஏளனம் செய்து வந்த அவர் இறைவனை நோக்கிக் கதறினார். கப்பல் தப்பியது. அந்நாளைத் தம் மறுபிறப்பின் தொடக்கமாக அவர் ஆயுள் முழுவதும் நினைவுகூர்ந்தார். அவர் பின்னர் இயற்றி, 1779-இல் அச்சில் வெளிவந்த 'அமேசிங் கிரேஸ்' என்ற பாடல், வியத்தகு அருளைப் போற்றும் பாடலாக இன்று உலகெங்கும் பாடப்படுகிறது.

ஆனால் 1748-க்குப் பிறகு நியூட்டன் என்ன செய்தார்? அடிமை வாணிபக் கப்பல்களில் தொடர்ந்து பணிபுரிந்தார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் கப்பல் தலைவராக இருந்து, மேற்கு ஆப்பிரிக்காவில் வாங்கப்பட்ட மனிதர்களைக் கடல் கடந்து கொண்டு சென்றார். மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடந்தனர். 1754-இல் அவர் அத்தொழிலை விட்டதற்குத் திடீர் உடல்நலக் குறைவே காரணம், மனச்சான்று அன்று. 1764-இல் குருவானார். 1788-இல்தான், அதாவது அந்தப் புயலுக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர்தான், அடிமை வாணிபத்தைக் கண்டித்துச் சிறுநூல் வெளியிட்டுத் தம் பங்கை ஊரறிய ஒப்புக்கொண்டார். தாம் விளைத்த துயரைத் தடுக்கவோ சரிசெய்யவோ இயலாத அளவுக்கு இந்த ஒப்புதல் காலம் கடந்து வருகிறது என்பதையும் அவர் அதில் மறைக்கவில்லை. நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அவ்வாணிபத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்சுக்கு ஆன்மிகத் துணையாக நின்றார். 1807 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வாணிபத்தைத் தடை செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் நியூட்டன் மறைந்தார்.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. அருள் உண்மையிலேயே அவரைத் தொட்டிருந்தால், கீழ்த்தளத்தின் அழுகுரல் அவர் செவியில் விழ ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின? கடவுள் அவரை மன்னித்தார் என்றே கொள்வோம். விற்கப்பட்ட அந்த மனிதர்களின் கணக்கு என்னாயிற்று?

லூத்தரன் இறையியலாளரும், ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டவருமான டீட்ரிஷ் போன்ஹோஃபர், 1937-இல் எழுதிய நூலில் 'மலிவான அருள்' என்பதைத் திருச்சபையின் கொடிய பகைவனாகக் காட்டினார். மனம் திரும்பாமலே மன்னிப்பு, விலை கொடுக்காமலே ஆறுதல் என்று போதிப்பதையே அவர் அவ்வாறு அழைத்தார். அருள் இலவசமாகக் கிடைப்பது என்பதை அவர் மறுக்கவில்லை. அதைப் பெற்றவனின் வாழ்வு முழுவதையும் அது கேட்கிறது என்பதே அவர் சொல்ல வந்தது.

சகேயுவின் வீடு

இக்கேள்விகளுக்கு லூக்கா நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு விடை இருக்கிறது. எரிகோ நகரில் சகேயு என்பவன் வரி வசூலிப்போரின் தலைவன். பிறரை வஞ்சித்துச் செல்வம் சேர்த்தவனென்று ஊரார் அவனை வெறுத்தனர். குள்ளனான அவன் இயேசுவைக் காண மரத்தில் ஏறி அமர்ந்திருந்தான். இயேசு அண்ணாந்து பார்த்து, அவனை இறங்கி வரச் சொல்லி, அன்று அவன் வீட்டிலேயே தங்கப்போவதாகக் கூறினார். கூட்டம் முணுமுணுத்தது. சகேயுவோ எழுந்து நின்று, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரையேனும் ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தான்.

இதில் நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். கடனைத் தீர்த்துவிட்டு வா, பிறகு உன் வீட்டிற்கு வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. ஏற்பு முதலில் வந்தது. ஈடு செய்தல் பின்னால் வந்தது. கூலிக்காக அவன் கொடுக்கவில்லை, கிடைத்துவிட்டதனால் கொடுத்தான். ஆயினும் அவன் கொடுத்தது இறைவனுக்கு அன்று. தான் வஞ்சித்த மனிதர்களுக்கு. இறைவன் மன்னித்துவிட்டார் என்பதனால் அண்டை வீட்டானுக்குத் தர வேண்டியது தள்ளுபடி ஆகிவிடவில்லை. அதைத் தருவதற்கான மனம் அப்போதுதான் அவனுக்கு வாய்த்தது.

நியூட்டனின் வாழ்வில் இந்த இரண்டாம் பகுதி மிகவும் தாமதமாக வந்தது. அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள். இதனை எந்தக் கோட்பாடும் நியாயப்படுத்த இயலாது. நியூட்டனும் நியாயப்படுத்த முயலவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். தன் நற்பெயரைத் தானே சம்பாதிக்க வேண்டிய நிலையில் இருப்பவன் தன் குற்றத்தை மறைப்பான். ஒப்புக்கொண்டால் அவனிடம் எஞ்சுவது ஒன்றுமில்லை. தான் ஏற்கனவே ஏற்கப்பட்டவன் என்று நம்புகிறவனுக்கோ உண்மையைச் சொல்லும் துணிவு கிடைக்கிறது. எல்லோராலும் மதிக்கப்பட்ட முதிய குருவொருவர், கேட்போர் இல்லாதபோதும் தம் பழியைத் தாமே வெளியிட்டதற்கு அத்துணிவு வேண்டியிருந்தது.

ஆகவே, அருளின் கோட்பாடு ஒழுக்கத்தை அழித்துவிடுமோ என்ற அச்சத்திற்குரிய விடை, அதனைப் பெற்றவன் அடுத்தபடியாக யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுகிறான் என்பதில் இருக்கிறது. தான் வஞ்சித்தவனின் கதவை அவன் தட்டினால், அருள் தன் பணியைத் தொடங்கிவிட்டது. தன் மன்னிப்பைப் பற்றி மட்டுமே பாடிக்கொண்டிருந்தால், அவன் இன்னும் மேல்தளத்திலேயே இருக்கிறான்.

திராட்சைத் தோட்டத்திற்கு மீண்டும் திரும்புவோம். அந்த உவமையைக் கேட்டபோது, காலையில் வந்த உழைப்பாளிகளின் இடத்தில் நம்மை நாமே நிறுத்திக்கொண்டோம். அந்த இடத்தை நமக்குக் கொடுத்தது யார்? இதுவரை நம் வாழ்வில் கிடைத்தவற்றுள் எத்தனை கூலி, எத்தனை கொடை என்று இன்றிரவு ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். தாய் ஊட்டிய முதல் கவளத்திற்கு நாம் செய்த வேலை என்ன? நம்மைப் பொறுத்துக்கொண்டவர்களிடம் அதற்கான தகுதியை நாம் எப்போது காட்டினோம்? ஐந்து மணிக்குச் சந்தைவெளியில், நம்மை யாரும் அழைக்கவில்லையே என்று நின்றிருந்தவர்களின் வரிசையில் நம் முகமும் தெரியக்கூடும். அப்போது பக்கத்தில் நிற்பவன் கையிலுள்ள வெள்ளிக்காசைக் கண்டு முணுமுணுக்கத் தோன்றாது. நாம் திருப்பித் தர வேண்டியது யாருக்கு என்ற எண்ணமே முன்னே வந்து நிற்கும்.