திருத்தும் கையும் திருந்தும் மனமும்

பழுதுற்ற பொருளை எறிந்துவிடாது திருத்திப் பயன்கொள்ளுதல் நற்பண்பு என்று பாராட்டப்படுகின்றது. அஃது உண்மையில் அறந்தானா, அன்றி வறுமையின் கட்டாயத்துக்கு இடப்பட்ட நற்பெயரா என்பது ஆராயத்தக்கது. வீட்டிலுள்ள பழைய ஒலிபெருக்கியை உரியவரே திருத்திக்கொள்ளும் முயற்சி இவ்வினாவுக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

1925 ஆம் ஆண்டில் அமெரிக்கரான றைஸ், கெலொக் ஆகிய இருவரும் இன்று வழங்கும் ஒலிபெருக்கிக்கு அடிப்படையான ஆய்வை வெளியிட்டனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே கொழும்பு வானொலியும் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. காந்தத்தின் இடைவெளியில் கம்பிச்சுருள் அசைய, அதனோடு இணைந்த காகிதக் கூம்பு காற்றை அதிரச் செய்கின்றது. இவ்வமைப்பு அன்றுதொட்டுப் பெரிதும் மாறவில்லை. எளிய அமைப்பாதலின் பொறுமையுள்ள எவரும் அதனைத் திருத்தக் கற்கலாம்.

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலே உப்புக்காற்றும் ஈரமும் ஒலிபெருக்கிக்குப் பகையாகும். இணைப்பு முனைகள் துருவேறும். கூம்பின் விளிம்பிலுள்ள நுரைப்பஞ்சு வளையம் இற்றுத் தொட்டவுடன் உதிரும். கொண்டென்சர்கள் காலப்போக்கில் உலர்ந்து தம் அளவு குன்றும். ஆயினும் காந்தமும் மரப்பெட்டியும் பெரும்பாலும் கெடாதிருக்கும். சிறியதொரு வளையம் அழிந்தமைக்காக முழுவதையும் எறிவது அறிவுடைமையாகாது.

எனினும் அறிவுடைமை வேறு, அறம் வேறு. 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. புதியன கிடைத்தற்கு அரிய அக்காலத்தில் திருத்துதல் தவிர்க்கவியலாததாயிற்று. 1977 இன் பின்னர்த் திறந்த பொருளாதாரம் வந்து, அந்நியப் பண்டங்கள் கடைகளில் நிறைந்தன. பழையதை எறிதல் எளிதாயிற்று. 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடியிலோ, எறிந்தவற்றின் அருமை மீண்டும் உணரப்பட்டது. கடை திறந்தால் மறைந்து, கடை அடைத்தால் தோன்றும் பண்பை அறம் எனலாமா?

செயல் கடமைக்கு இணங்கியிருந்தால் மட்டும் போதாது, கடமையுணர்விலிருந்து பிறத்தல் வேண்டும் என்பது கான்ற் என்னும் ஜேர்மன் மெய்யியலாளரின் கருத்து. அவ்வாறாயின் கட்டாயத்தால் திருத்தியவருக்கு அறத்தின் பெருமை இல்லை என்றாகும். ஆனால் அரிஸ்தோத்திலோ, வீடு கட்டியே ஒருவன் கட்டடக் கலைஞனாவது போல, நற்செயலைப் பயின்றே மனிதன் நல்லவனாகின்றான் என்றார். முதலில் கட்டாயத்தால் தொடங்கிய பயிற்சி பின்னர் இயல்பாக மாறுதல் கூடும் என்பது இதனால் பெறப்படும்.

ஒலிபெருக்கியைத் திருத்துபவர் பயில்வது யாது? பழைய பசையைக் காகிதம் கிழியாமற் சுரண்டுதல் வேண்டும். சுருள் காந்தத்தில் உரசாதவாறு அதனை நடுவே நிறுத்தி, பசை உலரும்வரை காத்திருத்தல் வேண்டும். அவசரம் காட்டின் கரகரப்பு எழும். தாம் விரும்பிய அளவில் கொண்டென்சரை இட்டால் ஒலியின் சமநிலை கெடும். ஆக்கியோன் வகுத்த அளவே இடத்தக்கது. தன் விருப்பத்தைப் பொருளின்மீது திணியாது, பொருளின் இயல்புக்குத் தன்னை ஒப்படைத்தலே இங்குப் பயிலப்படுவது. தன்முனைப்பை அடக்கும் இப்பயிற்சி மனிதரோடு பழகுங்காலும் பயன்படுவதாகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. புதியது வாங்க வழியற்ற மீனவக் குடும்பத்தின் சிக்கனத்தை வசதியுள்ளோர் புகழ்வது எளிது. அப்புகழ் அக்குடும்பத்துக்கு உரிய நீதிக்கு ஈடாகாது. இல்லாமையைப் பண்பாகப் போற்றி, அதனைப் போக்கும் கடமையை மறந்துவிடுதல் அறமன்று. திருத்தும் பண்பை வறியோரிடம் எதிர்பார்ப்பதினும், எறிதற்கு வசதி பெற்றோரிடம் எதிர்பார்த்தலே முறை. வாங்கும் வலிமையிருந்தும் திருத்த முனைபவரிடத்தேதான் அப்பண்பு ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படும்.

தமிழிலே ‘திருத்துதல்’ என்னும் சொல் கருவிக்கும் ஒழுக்கத்துக்கும் பொதுவாக வழங்குகின்றது. பொருளைத் திருத்துந்தோறும் மனமும் திருந்துமாயின், கட்டாயத்தில் தொடங்கிய செயலும் அறமாக முடியும். அங்ஙனம் மனம் திருந்தாதவிடத்து எஞ்சுவது சிக்கனம் ஒன்றே.