பெயரில்லாத பக்கத்து வீடு

சிக்னஸ் என்னும் அன்னப் பறவைக் கூட்டத்தில் டெனிப் என்றொரு விண்மீன். வானம் பார்க்கும் பழக்கமில்லாதவர் கண்ணிலும் பட்டுவிடும். அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மங்கல் புள்ளி. ஊர் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. பெயர்கூடக் கிடையாது, எண்தான்: 61 சிக்னி. பளபளக்கும் டெனிப் இருப்பது ஆயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால். இதுவோ 11.4 ஒளியாண்டில், வான்வெளிக் கணக்கில் பக்கத்து வீடு.

வெளிச்சமாக இருப்பவர்தான் நெருக்கமானவர் என்று எண்ணுவது மனித வழக்கம். வானியலாளர்களும் மனிதர்கள்தானே! விண்மீன் தொலைவை அளக்கக் கிளம்பிய ஸ்ட்ரூவ, பிரகாசமான அபிஜித்தைத் தேர்ந்தெடுத்தார்.

ஃப்ரெடரிக் பெஸ்ஸல் வேறு கணக்குப் போட்டார். பஸ் ஜன்னலில் பக்கத்து மரம் விரைந்தோடும், தூரத்து மலை அசையாது. 61 சிக்னி வேகமாக இடம் மாறுவதை பலெர்மோவில் பியாஸி என்ற வானியலாளர் 1804-லேயே கவனித்திருந்தார். அந்த வேகத்தில் முழுநிலாவின் அகலத்தைக் கடக்கவே சுமார் 350 ஆண்டு ஆகும். விண்மீன்களுக்கு நடுவே அது ஓட்டம்தான். ஓடுவது அருகில்தான் இருக்கவேண்டும் என்று பெஸ்ஸல் முடிவுகட்டினார். பதினான்கு வயதில் பிரெமன் நகர வணிக நிறுவனமொன்றில் தொழில் பழகச் சேர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் படிக்காதவர்.

பின்னாளில் வானியலாளராகி கோனிக்ஸ்பெர்கில் பணிபுரிந்தபோது அவரிடம் இருந்தது நடுவே இரண்டாக அறுத்த வில்லை பொருத்திய ஹீலியோமீட்டர். ஒரு பாதியைத் திருகால் நகர்த்தி, இரு விண்மீன்களின் பிம்பங்களை ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரவைக்க வேண்டும். ஓராண்டுக்கும் மேல் இதே வேலை. பூமி சூரியனைச் சுற்றுவதால் அந்த விண்மீன் விலகித் தெரியும் கோணம் 1838-ல் கிடைத்தது: 16 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த இரண்டரை சென்டிமீட்டர் நாணயத்தின் அகலம்! அதிலிருந்து வந்த தொலைவு இன்றைய அளவோடு பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசப்படுகிறது. விண்மீன் ஒன்றின் தொலைவு நம்பகமாகத் தெரியவந்தது அதுவே முதல்முறை.

அந்தப் புள்ளி உண்மையில் இரண்டு. 650 ஆண்டுக்கு மேல் எடுத்து ஒன்றையொன்று சுற்றிவரும் ஆரஞ்சுக் குள்ளர்கள். பெரியதன் ஒளியே சூரிய ஒளியில் ஆறில் ஒரு பங்கைத் தொடாது. எரிபொருளில் அத்தனை சிக்கனம். அதனால் ஆயுளும் சூரியனைவிட நீளம். இதைக் கஞ்சத்தனம் என்பவர்கள் சூரியனின் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

செப்டம்பர், அக்டோபர் முன்னிரவில் இருட்டான மொட்டைமாடி கிடைத்தால், வடக்கே உயரத்தில் டெனிப்பைப் பிடித்து, சிறிய தொலைநோக்கியை அங்கிருந்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். அருகருகே இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும்.