கண்மலரும் அம்மைத் தழும்பும்

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வருபவர்கள் செலுத்தும் காணிக்கைகளில் கண்மலரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மெல்லிய தகட்டில் அழுத்தி எடுத்த இரண்டு கண்கள். இமையும் கருமணியும் புடைத்துத் தெரியும். கண்ணில் கோளாறு என்றால் அதைச் சாத்துவதாக நேர்ந்துகொள்கிறார்கள். கோளாறு கடுமையானால் வயனம் இருப்பார்கள்: கோயில் மண்டபத்திலேயே தங்கி, அம்மனுக்கு அபிஷேகமான தீர்த்தத்தைக் கண்ணில் விட்டுக்கொள்வது. சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு சேரும் இடத்தில் இருக்கும் இந்தக் கோயிலுக்கு ஆடிக் கடைசி வெள்ளியன்று லட்சக்கணக்கில் சனம் வருகிறது.

அம்மைக்குரிய தெய்வத்திடம் கண்ணுக்கு ஏன் நேர்த்தி? பெரியம்மையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. இந்தியாவில் பல தலைமுறைகளின் பார்வையைப் பறித்த நோய்களில் அது முன்வரிசையில் நின்றது. உயிர் தப்பியவர்களில் பலர் முகத்தில் தழும்போடும் கண்ணில் பூவோடும் மிஞ்சினார்கள். முத்து இறங்கிப் பிழைத்த பிள்ளைக்குக் கண் தெரிகிறதா என்பதுதான் பெற்றவளின் அடுத்த கவலை. கண்மலர் நேர்த்தி அந்தக் கவலையிலிருந்து கிளைத்திருக்கலாம் என்று எண்ண இடமிருக்கிறது.

அந்த நோய் இப்போது இல்லை. 1975 மே மாதம் அசாமில் கண்டறியப்பட்ட நோயாளியோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980 மே மாதம் உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கேள்வி இங்கேதான் பிறக்கிறது. தெய்வங்கள் பயத்தில் பிறந்தவை என்று சொல்வோர் எல்லாக் காலத்திலும் உண்டு. அந்தக் கணக்குப்படி பயம் போனால் தெய்வமும் போயிருக்க வேண்டும். மாரியம்மன் போகவில்லை. அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக் சென்னையில் கண்டதை வைத்து, பெரியம்மை இல்லாமல் போனபின் அதன் தேவி என்ன செய்தாள் என்றே தலைப்பில் கேட்டு 1984இல் ஒரு கட்டுரை எழுதினார்.

பயம் என்ற விளக்கம் தவறு என்பதைவிட, அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது என்பதே சரி. அம்மை கண்ட வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் மீதி தெரியும். அங்கே யாரும் நோய் என்று சொல்வதில்லை. "அம்மா வந்திருக்கா" என்பார்கள். அடுப்பில் கடுகு வெடிக்காது, தாளிப்பு வாசம் எழாது. வாசலில் வேப்பிலைக் கொத்து. சின்னப் பிள்ளையாக இருந்தாலும், படுத்திருப்பவரிடம் பெரியவர்கள் கோபக் குரல் காட்டமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை வீட்டுக்கு வந்திருப்பவள் அவள். 1755 நவம்பர் 1ஆம் தேதி, புனிதர் அனைவர் திருநாளன்று, லிஸ்பன் நகரத்தை நிலநடுக்கம் நொறுக்கியபோது, நல்ல கடவுள் இதை எப்படி அனுமதித்தார் என்று ஐரோப்பிய அறிஞர்கள் தங்களுக்குள் வழக்காடினார்கள். கரிசல் வீட்டில் அந்தக் கேள்வி முதலில் எழுவதில்லை. வெக்கையும் அவள்தான், குளிர்ச்சியும் அவள்தான். ஏன் வந்தாய் என்று கேட்பதற்கு முன், வந்தவளை எப்படிக் குளிர வைப்பது என்று யோசிக்கிறார்கள்.

இதில் ஆபத்தும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அவளே வந்திருக்கும்போது ஊசி எதற்கு என்று அம்மை குத்த வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய வீடுகள் ஏராளம். தமிழறிஞர்கள் எல்லீசன் என்று கொண்டாடும் எல்லிஸ் துரை, மக்கள் அம்மைப்பாலை ஏற்க வேண்டும் என்பதற்காகப் புராணப் பாணியில் ஒரு கதையே எழுதிப் பார்த்தார். தெய்வத்தோடு சண்டையிடாமல் வீட்டுக்குள் நுழைய ஒரு வழி தேடிய மனிதர் அவர். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு கண் மருத்துவமனை தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி இன்னொரு உதாரணம். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்துக்காரர். தன் குரு ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்கு வைத்தார். அவர் கையில் பக்தியும் அறுவைக் கத்தியும் ஒன்றை ஒன்று தடுக்கவில்லை.

இன்று இந்த வட்டாரத்தில் கண்ணுக்கு வரும் ஆபத்து வேறு வடிவத்தில் இருக்கிறது. 1923இல் தீப்பெட்டியோடு தொடங்கிய சிவகாசித் தொழில் பட்டாசுக்கு விரிந்து, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கமெல்லாம் பரவிவிட்டது. மருந்து செலுத்தும் கைக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. உராய்வு ஒன்றே போதும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் மாண்டார்கள். அந்த வேலைக்குப் போகும் குடும்பங்கள் இருக்கன்குடிக்கு நேர்ந்துகொள்வதைப் பழைய பயத்தின் மிச்சம் என்று தள்ளிவிட முடியாது. பெரியம்மை ஒழிந்தது, ஆனால் காலையில் வேலைக்குப் போனவர் முழுசாகத் திரும்ப வேண்டும் என்ற கவலை அந்த வீடுகளை விட்டுப் போகவில்லை. யாரிடம் சொல்லி வைப்பது என்பதற்குத் தாய் தகப்பன் காலத்திலிருந்தே ஒரு முகவரி இருக்கிறது.

ஒன்றை மட்டும் பக்தர்களிடம் வேண்டிக் கேட்க வேண்டும். மருந்துத் தூள் கண்ணில் பட்டால் கசக்காமல், அந்த நிமிடமே நல்ல தண்ணீரை விட்டுக் கால் மணி நேரமாவது விடாமல் கழுவி, நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கோயில் தீர்த்தத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கருவிழி வெந்துவிடும். கண்மலர் சாத்த அவசரமில்லை. தை, பங்குனி, ஆடி என்று ஆண்டுக்கு மூன்று கடைசி வெள்ளிகள் இருக்கன்குடியில் விசேஷம்.