சுண்டைக்காயும் சுமைகூலியும்

எங்கள் வீட்டில் சுண்டு என்றொரு கினிப்பன்றி இருக்கிறது. பெயர்தான் அப்படி. கினி நாட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது பன்றியும் அல்ல. ஆண்டீஸ் மலைப்பக்கத்திலிருந்து உலகெங்கும் பரவிய, கொறித்துத் தின்னும் ஒரு சாதுப் பிராணி. பேத்தியின் பிடிவாதத்துக்காக 500 ரூபாய் கொடுத்து வாங்கினோம். கூண்டு கழுவுவது அவள் பொறுப்பு என்று ஒப்பந்தம். இத்தகைய ஒப்பந்தங்களின் கதி உங்களுக்குத் தெரியாததல்ல; மூன்றாம் வாரமே அது என் வேலையாயிற்று.

ஒருநாள் காலை அதைத் தூக்கியபோது, முதுகின் கீழ்ப்புறத்தில், ரோமத்துக்கு அடியில் என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு கட்டி. "கொழுப்பாயிருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கூண்டை மூடினேன். உண்மையில் நான் பயந்தது கட்டிக்காக அல்ல. அதனால் வரப்போகும் அலைச்சலுக்கும் செலவுக்கும்தான். பத்தொன்பது நாட்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இருபதாம் நாள் பேத்தி ஓடி வந்தாள். "தாத்தா, சுண்டு முதுகிலே என்னமோ உருண்டையா இருக்கு, பாருங்களேன்!"

"அடடா, அப்படியா!" என்று வியந்தேன். நாவல் எழுதிப் பழகியவனுக்குப் பொய் வியப்பு ஒன்றும் சிரமமில்லை.

முதலில் பார்த்த வைத்தியர், தமக்கு நாயும் பூனையும்தான் பழக்கம் என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த டாக்டரம்மாள் இந்த இனத்தை அறிந்தவர். சுண்டுவை உள்ளங்கையில் வைத்து, கழுத்து முதல் வால்புறம் வரை நிதானமாகத் தடவிப் பார்த்தார். கழுத்தில் இருந்தால் சீழ்க்கட்டியாக இருக்கக்கூடும். முதுகின் கீழே வருவது பெரும்பாலும் மயிர்க்கால்களிலிருந்து எழும் தீங்கில்லாத கட்டி. ஆனாலும் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்றார். விட்டு வைத்தால் வளர்ந்து உடையலாம். அறுத்தெடுக்க எல்லாமாக 4,000 ரூபாய் ஆகும். இவ்வளவு சிறிய உடலுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்தும் உண்டு.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "இதுங்க வலியை வெளியே காட்டாது சார். பலவீனம் தெரிஞ்சா பருந்து தூக்கிட்டுப் போயிடுமே! தீனியை நிறுத்திட்டதுன்னா நோய் முத்திப்போச்சுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி நாமதான் தேடிக் கண்டுபிடிக்கணும்."

பேத்தி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

செய்தி எதிர்வீட்டு நண்பருக்கு எட்டியது. வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். "என்ன சார் இது! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா? அந்தக் காசிலே எட்டு வாங்கலாமே! தெருவிலே எத்தனை குழந்தைகள் மருந்தில்லாமல் கிடக்கிறது!" என்றார்.

கணக்கில் பிழையில்லை. ஆனால் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று யோசித்தேன்.

முதலில் ஓர் அழகான வாதம் தோன்றியது. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை நிரூபித்தது இந்த இனத்தின் உடலில்தான். தொண்டை அடைப்பான் நோய்க்கு மாற்று மருந்து கண்ட பெரிங்கும் இவற்றைக் கொண்டே சோதித்தார். மனிதனைப் போலவே இதன் உடலும் சி வைட்டமினைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. ஆகையால் ஸ்கர்வி நோயின் மர்மத்தை 1907-இல் நார்வே நாட்டு அறிஞர் இருவர் இதைக்கொண்டு ஆராய முடிந்தது. அப்படியானால் நம் சுமையை இவையல்லவா சுமந்திருக்கின்றன? சுமைகூலி நாமல்லவா தரவேண்டும்?

கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் வாதம் நிற்காது. சுண்டு யாருக்காகவும் எதையும் சுமக்கவில்லை. சோதனைச்சாலையில் மாண்டவற்றின் கடனை இதற்கு அடைத்தால், கடன் கொடுத்தவனை விட்டுவிட்டு அவன் ஊர்க்காரனுக்குப் பணம் தந்த கதைதான். பெரு நாட்டில் இதையே உணவுக்காக வளர்க்கிறார்கள். அவர்களை நான் கொடியவர்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

சரியான காரணம் எங்கள் தாழ்வாரத்திலேயே இருந்தது. அது கூண்டு. அதற்குப் புல் வேண்டுமானால் என் கை வரவேண்டும். தண்ணீரும் மருந்தும் அப்படியே. அதன் எல்லா வழிகளையும் அடைத்துவிட்டு, ஒரே வழியாக நான் நிற்கிறேன். அந்த வழியும் அடைபட்டால் அது எங்கே போகும்? கடையில் இன்னும் எட்டு இருக்கின்றன என்பது இந்தக் கூண்டில் இருக்கும் ஒன்றுக்குப் பதிலாகாது. அறுப்பதுதான் எப்போதும் தர்மம் என்று நான் சொல்லவில்லை. வேதனைதான் மிஞ்சும் என்று டாக்டரம்மாள் சொல்லியிருந்தால், வலியில்லாமல் அனுப்பிவைப்பதே தர்மமாக இருந்திருக்கும். ஆனால், போய்க் கேட்கவே மாட்டேன் என்று இருப்பதற்கு எனக்கு உரிமையில்லை.

தெருக் குழந்தைகள்? அந்தக் கேள்வியை நான் தள்ளமாட்டேன். அது நியாயமான கேள்வி. ஆனால் போன மாதம் இதே தொகைக்கு நான் பட்டு வேட்டி வாங்கியபோது நண்பரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்பதானால் என் செலவுகள் எல்லாவற்றின் முன்னும் அது நிற்கட்டும். வாயில்லாத ஜீவனின் முன் மட்டும் கொண்டுபோய் நிறுத்துவது என்ன நியாயம்?

அறுவை நடந்தது. கட்டி தீங்கில்லாததுதான். அன்று மாலையே சுண்டு புல்லைக் கொறித்தது. பிழைத்துவிட்டது என்பதற்காக அந்தப் பத்தொன்பது நாட்கள் சரியாகிவிடவில்லை. அது வலியைப் பயத்தால் மறைத்தது. நான் தெரிந்ததைப் பயத்தால் மறைத்தேன். அதற்குப் பருந்தின் பயம். எனக்குப் பணப்பையின் பயம். தர்மம் எது என்று தெரியாமல் நாம் தவறுவது அபூர்வம். விரலுக்குத் தெரிந்ததை மனசுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம், அங்கேதான் தவறுகிறோம்.

அன்றிரவு பேத்தியிடம் சொல்லிவிட்டேன்: "எனக்கு முன்னாலேயே தெரியும் அம்மா."

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். "அப்புறம் ஏன் தாத்தா சொல்லலை?" என்றாள்.

இவ்வளவு தர்க்கமும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

இப்போது ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் சுண்டுவை நிறுக்கிறோம். அவள் நோட்டில் எடையைக் குறிக்கிறாள். நான் முதுகு, கழுத்து, வயிறு எல்லாம் தடவிப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்கிறேன். பிறகு அவளும் ஒருமுறை தடவிப் பார்க்கிறாள். அதில் எனக்கு வருத்தமில்லை.